மூடியின் முதல் கட்டம்

இந்த நாற்காலியில் குறை ஒன்றுமில்லை, ஐயா. எனக்குத்தான் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டோ இன்ஜின் மேல் குனிந்துகொண்டோ பேசியே வாழ்நாள் போய்விட்டது. நீங்கள் அனுமதித்தால் இந்த ஜன்னலுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டே சொல்கிறேன். குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறானே என்று உங்கள் காவலர் பார்க்கிறார். பார்க்கட்டும். ஓடிப்போகிற எண்ணம் எனக்கு இல்லை. ஓடினாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவேன். என் மகள் அங்கே இருக்கிறாள். சாயங்காலம் கட்டு மாற்றும்போது நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும், அதனால் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. மலைப்பாதையில் என் மகளின் வேன் கொதித்து, ரேடியேட்டர் தண்ணீர் அவள் முகத்தில் பீறிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் அடிவார ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, நான் ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு யாரும் போன் செய்திருக்கவில்லை. எப்படி முன்னாலேயே வந்தீர்கள் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் வண்டி சூடாகிறது என்று யாராவது வந்தால், ஆவி வருகிற இடத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. சூடு எங்கே ஆரம்பித்தது என்றுதான் பார்ப்பேன். இதையும் அப்படியே சொல்கிறேன்.

என் மனைவி போய்ச் சேர்ந்தபோது மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு என்பதால் அவள் வீட்டில் வளர்ந்ததைவிடப் பட்டறையில் வளர்ந்ததே அதிகம். எல்லாருக்கும் அவள் பாப்பாதான். கல்யாணமாகி வருஷங்கள் ஆன பிறகும் பாப்பாதான். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். இங்கே தகப்பன் எட்டடி, அவ்வளவே வித்தியாசம். ஓடுகிற இன்ஜின் சத்தத்தைக் கேட்டு எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கொஞ்சம் குள்ளம். பம்பர் மேல் ஏறி நின்று, முகத்தை உள்ளே நீட்டித்தான் இன்ஜினைப் பார்ப்பாள். எத்தனை தடவை திட்டியிருப்பேன், கேட்டதே இல்லை.

மாப்பிள்ளை தச்சர். நல்ல மனுஷன், அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் அவருக்கு மரத்தூள் என்று பெயர் வைத்திருந்தேன், அவரும் சிரித்துக்கொள்வார். மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் அவர் செய்வார், பாப்பா வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுப்பாள். கிரீஸ் என்றால் அவருக்கு ஆகாது. வேனின் முன்மூடியை எந்தக் கொக்கியை இழுத்தால் திறக்கலாம் என்றுகூட அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. சாயங்காலமானால் இரண்டு பேரும் வேனில் பட்டறைக்கு வருவார்கள், மூன்று பேருமாகச் சாப்பிடுவோம். அந்த வேன் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். இது குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு மலைக்கு அந்தப் பக்கம், துறைமுக ஊரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலை மாப்பிள்ளையைக் கூப்பிட்டது. தலைமைத் தச்சர் வேலை, தங்க வீடும் உண்டு. பாப்பா ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அதைச் சொன்னாள்.

“மாசம் ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போறோம்பா. எங்க போயிடப் போறோம்.”

நான் சரி என்றேன். மாசம் ஒரு தடவை என்பது முதலில் மூன்று மாசம் ஆகும், பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் என்று ஆகும். ஊரில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். அன்று ராத்திரி எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டறையில் ஒழுங்காக அடுக்கியிருந்த ஸ்பேனர்களை எல்லாம் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்கள் கிளம்பிய நாளில்தான் வேன் முதல்முறை கொதித்தது. அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது தெய்வச் செயல். ஊர் எல்லை தாண்டுவதற்குள் சூடு காட்டுகிற ஊசி சிவப்புக்குப் போய்விட்டது என்று திரும்பி வந்தார்கள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், வேன் கெட்டால் என் பட்டறை. நானும் பாப்பாவும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தண்ணீர் இருந்தது, ஒழுகல் இல்லை. பெல்ட் இறுக்கமாக இருந்தது. ஃபேன் சுற்றியது. இன்ஜின் தொட முடியாத சூட்டில் இருக்க, ரேடியேட்டர் மட்டும் வெதுவெதுப்பாகக் கிடந்தது. தண்ணீர் நடுவில் எங்கோ நின்றுவிட்டது என்று அர்த்தம்.

“வால்வு தொறக்கலப்பா,” என்றாள் அவள், நான் சொல்வதற்கு முன்பே.

இன்ஜின் சூடானதும் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிற சின்ன வால்வு அது. கழற்றி, வீட்டு அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதில் போட்டோம். நல்ல வால்வு என்றால் தண்ணீர் கொதிக்கும்போது வாய் திறக்க வேண்டும். இது பாதி திறந்து நின்றுவிட்டது. அடுத்த தடவை போட்டபோது திறக்கவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் தலையோடு தலை சேர்த்து நின்று அதைப் பார்த்தோம். அவளுக்குக் கல்யாணமான பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறொன்று இல்லை. புது வால்வு வந்து சேர நாளாயிற்று. வேன் இல்லாததால் வேறு வேலை இல்லை என்று பாப்பா காலையிலிருந்து மாலைவரை பட்டறையிலேயே இருந்தாள். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. புதியதை மாட்டினேன், பழையதைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். தூக்கி எறிய மனம் வரவில்லை.

அடுத்த தடவை அவர்கள் கிளம்பியபோது பெல்ட் தளர்ந்திருந்தது. நான் எதையும் உடைக்கவில்லை, கவனியுங்கள். ஒரு போல்ட்டை அரைச் சுற்று திருப்பினேன், அவ்வளவுதான். அதற்கடுத்த தடவை ரேடியேட்டர் மூடியின் ரப்பர். பிறகு ஒரு துண்டுத் துணி. ஒவ்வொரு தடவையும் அவர்கள் மலை ஏறுவதற்கு முன்பே திரும்பி வந்தார்கள், ஒவ்வொரு தடவையும் அவள் டார்ச் பிடிக்க நான் தேடினேன். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றாலும் முறைப்படித்தான் தேடினேன். வேலையை ஏமாற்றிச் செய்வது எனக்குப் பிடிக்காது.

அந்தத் துணியை அவள்தான் கண்டுபிடித்தாள். ரேடியேட்டரின் கீழ்க் குழாயைக் கழற்றி, விரல் விட்டு இழுத்து எடுத்தாள்.

“இது எப்படிப்பா உள்ள வந்துச்சு?”

“ரேடியேட்டர் சுத்தம் பண்ணவன் விட்டுட்டுப் போயிருப்பான்.”

“கொன்னுடணும் அவன.”

அவள் உடனே நம்பிவிட்டாள். அதுதான் என்னை உறுத்தியது. அவ்வளவு கூர்மையான பெண் ஒரு கேள்வியோடு விட்டுவிட்டாள். அப்பா சொன்னால் முடிந்தது என்பது அவள் கணக்கு. அந்த வாரம் முழுவதும் என்னால் ஒரு வேலையிலும் நிலைகொள்ள முடியவில்லை. கையில் எடுத்ததைக் கீழே வைப்பேன், வைத்ததைத் தேடுவேன்.

கடைசியில் அவள் என்னிடம் சொல்லாமல் வேனைப் பாலத்தடி மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். அவர் எல்லாவற்றையும் ஒரே மதியத்தில் சரிசெய்துவிட்டார். எனக்கு வருத்தம் வந்தது அதனால் அல்ல. அன்று மாலை ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்று அவள் மாப்பிள்ளையிடம் மெல்லப் பேசியது என் காதில் விழுந்தது.

“அப்பாக்கு கை தளந்துபோச்சுங்க. முன்ன மாதிரி இல்ல. நான் வெளிய காட்டினத சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சுடுவாரு.”

அவளுக்காக என் தொழில்பேரையே நான் கெடுத்துக்கொண்டேன், அது அவளுக்குத் தெரியவில்லை. அதற்காக அவள்மேல் கோபம் என்று சொல்லமாட்டேன். வலித்தது. இன்றும் வலிக்கிறது.

மாப்பிள்ளை அடுத்த நாள் வந்து, கிளம்பும் நாளைக் குறித்துவிட்டோம் என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மாமா, நீங்களும் எங்ககூட வந்துடுங்க. அங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. பாப்பாவும் அதான் சொல்றா. உங்கள இங்க விட்டுட்டு அவளால அங்க நிம்மதியா இருக்க முடியாது.”

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது போல. ஆமாம், கூப்பிட்டார்கள், உள்ளன்போடுதான் கூப்பிட்டார்கள். ஆனால் என் பட்டறை இங்கே இருக்கிறது. மகள் வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்கள் போட்டதைச் சாப்பிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. மூன்று பேரும் ஒரே ஊரில் இருக்க எதற்கு நான் இடம் மாற வேண்டும். அவர்கள் மாறாமல் இருந்தாலே போதுமே. இந்த நியாயத்தை அவரிடம் சொல்லிப் பயனில்லை என்று, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை வேனை நான் பார்த்துத் தருகிறேன் என்றேன். என் மனசு உடையக் கூடாதென்று பாப்பா சாவியைக் கொடுத்தாள். அந்த முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெரியவர்கள் ஆசைப்படுகிறார்கள், செய்யட்டும் என்கிற முகம்.

இங்கேதான் மூடியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது, ஆற விட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். பட்டறைக்காரர்கள் அவ்வளவு காத்திருக்க மாட்டோம். ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, மூடியை மெல்லத் திருப்புவோம். ரேடியேட்டர் வாயின் விளிம்பில் ஒரு சின்னத் தடுப்பு உண்டு, மூடி அதில் இடித்து நிற்கும். அதைத்தான் நாங்கள் முதல் கட்டம் என்போம். அங்கே நிறுத்தினால் ஆவி மட்டும் சீறிக்கொண்டு வெளியேறும். சீறல் அடங்கின பிறகு, அழுத்தித் திருப்பினால் முழுக்கத் திறக்கும். தெரியாதவன் செய்தால் ஆபத்து. தெரிந்தவன் கை அந்த இடிப்புக்காகவே காத்திருக்கும். பாப்பாவின் கைக்கு அது மனப்பாடம். என் பட்டறைப் பழக்கம், என்னிடமிருந்து வந்ததுதான்.

அந்தத் தடுப்பை நான் அரம் போட்டுத் தேய்த்தேன். அதிக வேலை இல்லை. விளிம்பு சமமானதும் விரலால் தடவிப் பார்த்தேன், மூடி எங்கேயும் நிற்காமல் ஒரே வீச்சில் திறந்தது. பிறகு அலமாரியிலிருந்த பழைய வால்வை எடுத்து, பாதி திறந்தே நிற்கும்படி ஒரு சின்னக் கம்பியைச் செருகி மாட்டினேன். தட்டையான சாலையில் அது எப்படியோ சமாளிக்கும். பாரம் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் அந்தப் பாதித் திறப்பு போதாது. முடித்துவிட்டு வேனைக் கழுவினேன், கண்ணாடிகளைத் துடைத்தேன், டயர்களுக்குக் காற்று பார்த்தேன். அவள் நீண்ட தூரம் ஓட்டப் போகிறாள் இல்லையா.

என் நோக்கம் என்ன என்று கேட்பீர்கள். ஒரு தச்சரின் கை வெந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். உளி பிடிக்க முடியாத ஆளுக்காக எந்தத் தொழிற்சாலையும் காத்திருக்காது, வேறு ஆளை வைத்துக்கொள்ளும். கை ஆறிவிடும், வேலை கைவிட்டுப் போய்விடும். மாப்பிள்ளைக்கு இங்கேயே தொழில் இருக்கிறது. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இவ்வளவுதான் நான் நினைத்தது. தீர யோசித்துத்தான் நினைத்தேன்.

காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்கள். போயிட்டு வரேன்பா என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன், அது நிஜமான அழுகை. வேன் திரும்பிய பிறகு ஷட்டரை இறக்கிப் பார்த்தேன், மறுபடி ஏற்றிப் பார்த்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பையில் தீப்புண் மருந்தும் வெள்ளைத் துணியும் வெளுத்த போர்வை ஒன்றும் எடுத்து வைத்திருந்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு அடிவாரம் போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. அங்கே போய் நின்றேன், உட்காரவில்லை. வாங்கின தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைக்காரர் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மகள் வருகிறாள் என்றேன். உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். பொறுமையாகப் பட்டறையில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டே இருக்க மாட்டீர்கள். உட்கார முடியாத குணம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மேலே நடந்ததை மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். ஏற்றத்தில் ஊசி ஏறியது. பாப்பா வண்டியை ஓரங்கட்டினாள். அவர் ஆறட்டும் பாப்பா, காத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா பட்டறை வேலை எனக்குத் தெரியாதா என்று அவள் சிரித்திருக்கிறாள். சாக்கை நனைத்தாள். பம்பர் மேல் ஏறினாள். திருப்பினாள்.

முகமும் கழுத்தும் ஆறிவிடும், கண் இரண்டும் பழையபடி வராது என்றார் டாக்டர். கட்டுக்குள்ளிருந்து அவள் முதலில் தேடியது என் கையைத்தான்.

“என் தப்புதான்பா. அவசரத்துல மொதல் கட்டத்துல நிறுத்தாம விட்டுட்டேன் போல. நீங்க எவ்ளோ சொல்லிக்குடுத்தீங்க.”

“விடும்மா. யாருக்கும் நடக்குறதுதான்.”

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொன்னால் அவளுக்கு என்ன நிம்மதி கிடைக்கும். கண்ணும் போய், அப்பாவும் போனால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள்.

அரம் போட்ட தடத்தைப் பாலத்தடி மெக்கானிக் காட்டிவிட்டார் என்று சொன்னீர்கள். கெட்டிக்காரர், அதை நான் எப்போதும் ஒப்புக்கொள்வேன். நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. வேனின் முன்மூடியையே திறக்கத் தெரியாத மாப்பிள்ளையின் கை எப்படி வெந்திருக்கும் என்று கேட்கிறீர்கள். நடுவழியில் நின்றால் மனுஷன் தெரியாததையும் செய்வான், ஐயா. பெண்டாட்டியைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே திறந்திருக்க வேண்டும். நல்ல புருஷன் அதைத்தான் செய்வான். அவர் செய்யவில்லை. அந்தத் தப்பை நான் எங்கே போய்ச் சொல்வது.

இப்போது அவர் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார். அழுதுகொண்டே இருந்தால் ஒரு பயனும் இல்லை. துறைமுக ஊரில் பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறதாம், அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். நீங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பழகாத ஊரில், பழகாத வீட்டில், கண் தெரியாத பெண்ணை வைத்துக்கொண்டு அவரால் என்ன செய்ய முடியும். எங்கள் வீடு அவளுக்குப் பழகின வீடு. அவளுடைய அறையிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரோடு கைப்பிடிக் கம்பி ஓடுகிறது. கையை வைத்துக்கொண்டு நடந்தால் போதும், எதிலும் இடித்துக்கொள்ள மாட்டாள். வாசல்படியை எடுத்துவிட்டுச் சரிவாக்கியிருக்கிறேன். அடுப்பு மேடைக்கு ஓரத்தில் தடுப்பு வைத்திருக்கிறேன். எல்லாம் என் கையால் செய்தது. சந்தேகமிருந்தால் உங்கள் காவலரை அனுப்பி அந்தக் கம்பியை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடாது. அவர்கள் சாமான் கட்டத் தொடங்கிய வாரமே பதித்துவிட்டேன். சிமெண்ட் இறுகுவதற்கு நாள் வேண்டும் அல்லவா.